சாயங்காலம் எத்தனை வோல்ட்? வீட்டுப் பட்டறைக்கு ஓர் ஆங்கிள் கிரைண்டர் தேர்ந்தெடுத்த கதை

வீட்டுப் பட்டறைக்கு எந்த ஆங்கிள் கிரைண்டர் (வட்டைச் சுழற்றி இரும்பு வெட்டும், தேய்க்கும் கை மெஷின்) வாங்கலாம் என்று யாராவது கேட்டால் பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "உங்க வீட்டுல சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருது?" கேட்டவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மெஷினைப் பற்றிக் கேட்டால் இவன் கரண்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பார்கள் போல. எனக்கே இந்தக் கேள்வி மூன்று மெஷின்கள் போன பிறகுதான் தோன்றியது. அந்த மூன்றும் எப்படிப் போயின, நான்காவதை எதைப் பார்த்து வாங்கினேன், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து எழுதுகிறேன்.

பட்டறை இருப்பது தன்லியினில். ரங்கூனிலிருந்து பெகு ஆற்றைத் தாண்டினால் வரும் ஊர். எங்கள் பெரியவர்களுக்கு இன்றும் அது சிரியம்தான். தாத்தா இங்கிருந்த பர்மா ஆயில் கம்பெனி சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டராக இருந்தார். 1942இல் ஜப்பான்காரன் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரனே அந்த ஆலையை அழித்துவிட்டுப் போனான். அந்தக் கலவரத்தில் ஒரு கனத்த இரும்பு வைஸ் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று தாத்தா கடைசிவரை சொல்லவில்லை. பட்டறையில் இன்றைக்கும் ஒரு பழுதும் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

மற்றபடி வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். எனக்கு இது தொழில் இல்லை. ஜன்னல் கம்பி, கேட், தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு, பங்குனியில் கோயிலுக்கு சப்பரச் சட்டம், யாராவது கேட்டால் காவடிக்கு வளையம். வாரத்துக்கு நாலைந்து மணி நேர வேலை. அதில் கிரைண்டர் ஓடும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாள் முழுக்க இரும்பு வெட்டுபவருக்கு வேண்டிய மெஷின் வேறு. என் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

இன்னொன்று, கரண்ட் இங்கே முறை வைத்துத்தான் வரும். சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது. சில நாள் அந்த முறையும் தவறும். பர்மியர்கள் கரண்டையும் விளக்கையும் நெருப்பையும் ஒரே சொல்லால் 'மீ' என்பார்கள். தெருவே இருட்டில் கிடந்து திடீரென்று விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் "மீ லா பீ!" என்று கத்துவார்கள். 'கரண்ட் வந்தாச்சு' என்று அர்த்தம். நெருப்பு வந்தாச்சு என்றும் கொள்ளலாம். அது எனக்கு எப்படிப் பொருந்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மெஷின்

"கிரைண்டர் வாங்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உரலுக்கு விடுதலை என்று நினைத்துவிட்டார்கள். நான் கொண்டு வந்த பெட்டியைத் திறந்து பார்த்து, "இதுல எப்படிடா மாவாட்டுறது?" என்றார்கள். அன்றைக்கே அந்த மெஷினுக்கு ராசி இல்லாமல் போனது.

பெட்டி அழகாக இருந்தது. 1,200 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விலையோ நல்ல மெஷினில் மூன்றில் ஒரு பங்கு. ஊர் பேர் தெரியாத கம்பெனி. சதுரக் குழாய் வெட்டினேன், வெல்டிங் முடிச்சைத் தேய்த்தேன், மூன்று வாரம் ஓடியது. ஒரு சாயங்காலம் தொட்டி ஸ்டாண்டுக்கு 3 மில்லிமீட்டர் ஆங்கிளை (எல் வடிவ இரும்புப் பட்டை) வெட்டிக்கொண்டிருந்தபோது காற்றோட்டத் துளை வழியாக உள்ளே நீலமாகத் தீ சுற்றுவது தெரிந்தது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. அதோடு சரி.

மெஷினை பஜாருக்குப் பக்கத்தில் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பகுதி) கட்டும் ஸயாவிடம் கொண்டு போனேன். இங்கே வாத்தியாரும் ஸயாதான், கைத்தொழில் தெரிந்த மெக்கானிக்கும் ஸயாதான். அவர் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிளேடு முனையால் ஃபீல்டு காயில், அதாவது மோட்டாரில் அசையாமல் நிற்கும் சுருளின் கம்பியை லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறத்தில் வார்னிஷ், உள்ளே வெள்ளை. அலுமினியம். அலுமினியக் கம்பியில் மோட்டார் ஓடாது என்றில்லை, ஓடும். ஆனால் அதே தடிமனில் செம்பை விட மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். ஆர்மேச்சரின் பின்முனையில் பால் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உலோக வளையம், புஷ், போட்டிருந்தார்கள். தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. ஆர்மேச்சர் ஆடினால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு, கார்பன், சரியாக ஒட்டாது. கார்பன் ஒட்டாவிட்டால் தீப்பொறி. அந்தப் பொறி, கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும்.

அந்த 1,200 வாட் கணக்கை நான் ஏற்கெனவே கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தேன். வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, சக்கரம் நிற்கப் போகிற அளவுக்கு அழுத்தியும் 2.4 ஆம்பியர்தான் இழுத்தது. அப்போது வோல்ட் 205. பெருக்கினால் 500கூட வரவில்லை. உண்மையான வாட் அதற்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நிஜமாகவே 1,200 வாட் மெஷின் என்றால் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்பாமல் மெஷினைத் தராசில் வைத்துப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. செம்பும் இரும்பும் கனக்கும், அச்சு மை கனக்காது.

இரண்டாவது

இரண்டாவது மெஷின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆசைதான். ஜப்பானில் ஓடி ஓய்ந்து கப்பலில் வந்த பழைய சாமான். 100 மில்லிமீட்டர் மெஷின், கையில் எடுத்தாலே ஒரு திருப்தி. சுற்றிவிட்டால் பேரிங் சத்தமே இல்லாமல் உருளும். ஒரே சங்கடம், ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். இங்கே 230. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய ஜப்பான் சாமான் வாங்கும் எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று கனத்துக் கிடக்கும்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. சாயங்காலத்தில் மட்டும் இழுவை குறைந்து முனகும். லைனில் 160 வோல்ட் வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மெஷினுக்குப் போய்ச் சேர்வது 70தான் என்பதை அப்போது நான் கணக்குப் போடவில்லை. சரி, பழசு, கிழடு தட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதைக் கொன்றது என் மச்சான். நான் ஊரில் இல்லாதபோது வந்து, ஒரு கம்பி வெட்டத்தானே என்று டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டான். ஜப்பான் பிளக்கின் தட்டை முள் இங்குள்ள சாக்கெட்டில் தடையில்லாமல் போகும். "மாமா, ஜெட் மாதிரி சுத்துச்சு, அப்புறம் புகை" என்றான். வட்டு உடையாமல் போனது அவன் தலைவிதி நன்றாக இருந்ததால். தப்பு அவனுடையது என்று இரண்டு நாள் திட்டினேன். யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. தவறான சாக்கெட்டில் போகக்கூடிய பிளக்கை அப்படியே விட்டு வைத்தது நான்தான். முதல் நாளே அதை வெட்டிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரோடு நிரந்தரமாகப் பிணைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் தொடும் பட்டறையாக இருந்தால் பழைய ஜப்பான் மெஷின் இன்றும் நல்ல வழிதான் என்பேன். எங்கள் வீடு அப்படியில்லை.

மூன்றாவது, 'மீ லா பீ'

மூன்றாவதை ரங்கூனில் வாங்கினேன். பேர் போன ஒரு கம்பெனியின் நிறம், எழுத்து, பெட்டி எல்லாம். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் அந்தக் கம்பெனிக்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது? என் தெருவிலேயே இன்னொருவர் அதே கடையில் வாங்கியிருந்தார். இரண்டு மெஷினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே சீரியல் நம்பர்.

ஆனால் அந்த மெஷின் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் போலியைப் பற்றியது இல்லை. புரட்டாசி மாதம், மழை விட்டிருந்தது. நாலரை மணிக்குச் சதுரக் குழாய் ஒன்றைப் பாதி வெட்டும்போது கரண்ட் போனது. சக்கரம் சுழன்று நின்றது. சலிப்போடு மெஷினை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கே பேச்சு நீண்டது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தேன். எட்டே முக்காலுக்குத் தெருவில் "மீ லா பீ!" என்று சத்தம். அதே நொடியில் கொட்டகைக்குள் ஓர் ஊளை.

ஸ்லைடு சுவிட்ச் 'ஆன்' பக்கமே பூட்டிக் கிடந்திருக்கிறது. நான் அணைக்கவே இல்லை. கரண்ட் வந்ததும் மெஷின் தானாகத் துள்ளி, மேஜையிலிருந்து கீழே விழுந்து, வட்டு உடைந்து, ஒரு துண்டு தகரச் சுவரில் குத்தி நின்றது. உடல் தரையில் உருண்டு, என் மகனின் செருப்பு ஒன்றைக் கிழித்துவிட்டு வயர் அறுந்துதான் அடங்கியது. செருப்பு மட்டும்தான். அவன் பாடம் எழுத உள்ளே போயிருந்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 105 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் ஓரம் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர் ரோட்டில் எந்தக் காரும் அந்த வேகத்தில் போவதில்லை. ஆளில்லாத கொட்டகையில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத மெஷின்கள் உண்டு. உள்ளேயே ஓர் எலெக்ட்ரானிக் தடை இருக்கும். சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஓடும். கையை எடுத்ததும் நின்றுவிடும் பேடில் சுவிட்ச் மெஷின்களும் உண்டு. தினமும் இரண்டு மூன்று தடவை கரண்ட் போய் வரும் ஊரில் இது ஆடம்பரம் இல்லை. கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பழி யார் மேல்

மூன்று மெஷின் போன பிறகு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொட்டகைச் சாக்கெட்டில் இரண்டு வாரம் அளந்தேன். காலை ஆறிலிருந்து எட்டு வரை 215லிருந்து 225 வோல்ட். மத்தியானம் 205 பக்கம். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பது வரை 160க்கும் 175க்கும் நடுவில் ஊசலாட்டம். எல்லார் வீட்டிலும் அரிசி வேகும், பம்பு ஓடும், பேட்டரி சார்ஜ் ஏறும் நேரம் அது. பத்தரைக்கு மேல் மறுபடி 200. எனக்கு வேலைக்கு நேரம் கிடைப்பதோ சாயங்காலத்தில்தான். மூன்று மெஷின்களையும் அந்த நேரத்தில்தான் வாட்டியிருக்கிறேன்.

வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும், அதனால் மோட்டார் எரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். தண்ணீர்ப் பம்பு, ஃபிரிட்ஜ் மோட்டாருக்கு அது சரி. கிரைண்டரில் இருப்பது வேறு ஜாதி. மிக்ஸியில் இருக்கிற மாதிரி, கார்பன் வைத்த யுனிவர்சல் மோட்டார். இதில் வோல்ட் குறைந்தால் முதலில் குறைவது வேகம். அது மட்டும் என்றால் பரவாயில்லை, மெதுவாக வெட்டிக்கொண்டு போகலாம். வில்லங்கம் எங்கே என்றால், மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே ஆர்மேச்சர் தண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். அதே நேரம், வெட்டவில்லையே என்று நாம் கையை அழுத்துவோம். அழுத்தினால் வேகம் இன்னும் விழும், ஆம்பியர் அப்போதுதான் ஏறும். சூடு ஏறுகிறது, ஊதுவதற்கு ஆளில்லை. காயிலைக் கருக்குவது கரண்ட் ஆபீஸ் பாதி, நம் வலது கை பாதி.

இதைச் சும்மா சொல்லக் கூடாது என்று பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து ஒரு நல்ல மெஷினைக் கடன் வாங்கிச் சோதித்தேன். 25க்கு 25, 3 மில்லிமீட்டர் ஆங்கிள், புது 1 மில்லிமீட்டர் வட்டு. காலையில் 222 வோல்ட்டில் ஒரு வெட்டுக்குச் சுமார் 8 விநாடி. பத்து வெட்டுக்குப் பிறகும் கியர் தலையைக் கையால் பிடிக்க முடிந்தது. சாயங்காலம் 168 வோல்ட்டில் அதே வெட்டுக்கு 15 விநாடிக்கு மேல். ஆறாவது வெட்டிலேயே கை சுட்டது. அத்தோடு நிறுத்திவிட்டேன், அண்ணன் மெஷின் ஆயிற்றே.

நீள வயரின் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. வீட்டிலிருந்து கொட்டகைக்கு இழுத்திருந்த வயர் மெலிசானது, 25 மீட்டர். கிரைண்டர் ஓடும்போது இரண்டு முனையிலும் அளந்தால் 6 வோல்ட் குறைந்தது. அதை மாற்றினேன், ஆனால் கொள்ளை போவது அங்கே இல்லை. தெருவுக்கு வரும்போதே அது போயாகிவிட்டது.

ஸ்டெபிலைசர் போடலாமா என்று ஸயாவிடம் கேட்டேன். போடலாம், ஆனால் கிரைண்டர் கிளம்பும்போது ஒரு நொடி பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்க மெஷினின் வாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய ஸ்டெபிலைசர் வேண்டும் என்றார். விலை கேட்டேன். அந்தக் காசுக்குக் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

நான்காவது

ரங்கூனில் ஒரு பழைய இரும்புச் சாமான் கடை. பாய்க்கு எழுபது வயது இருக்கும், கீழக்கரைப் பூர்வீகம். மூன்று மெஷின் கதையையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். பிறகு, "தம்பி, மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி அதோட கார்பன் ஒரு ஜோடி வாங்குங்க. கார்பன் கிடைக்கலைன்னா மெஷினையும் வாங்காதீங்க" என்றார். கிரைண்டர் பற்றி நான் கேட்ட புத்திமதிகளில் இதற்கு ஈடு இல்லை.

அன்றைக்கு மெஷின் வாங்காமல், நான் யோசித்து வைத்திருந்த ஐந்து மாடல்களின் பெயரை எழுதிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினேன். எந்த மாடலுக்குக் கார்பன், ஆர்மேச்சர், சுவிட்ச் மூன்றும் அலமாரியில் இருக்கின்றன? ஐந்தில் மூன்று அங்கேயே விழுந்தன. பெட்டியில் பளபளவென்று இருந்த இரண்டு மாடல்களுக்குக் கார்பனே கிடையாது. "கெட்டுப்போனா புதுசு வாங்கிக்கலாம், விலை கம்மிதானே" என்றார் ஒரு கடைக்காரர். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை.

அளவு விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. இந்தப் பக்கத்து நாடுகளில் வழக்கமான 4 இஞ்ச் மெஷின் 100 மில்லிமீட்டர், தண்டு எம்10 (10 மில்லிமீட்டர் மரை), வட்டின் நடு ஓட்டை 16 மில்லிமீட்டர். 115, 125 மெஷின்களுக்குத் தண்டு எம்14, ஓட்டை 22.23 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வாஷர் வைத்துப் பொருத்துபவர்கள் உண்டு. அவர்கள் விரல்களை எண்ணிப் பாருங்கள். தெருமுனைக் கடையில்கூட 16 ஓட்டை வட்டு கிடைக்கிறது, என் வேலைக்கும் அது போதும். 2 இஞ்சுக்கு மேல் கனத்த பைப் வெட்டுபவர் 125 பக்கம் போகலாம். 9 இஞ்ச் மெஷினை வீட்டுப் பட்டறைக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது சிக்கிக்கொண்டு உதைத்தால் பிடித்து நிறுத்த எருமை பலம் வேண்டும்.

கடைசியில் மிஞ்சியது ஜப்பான் கம்பெனி மக்கிதாவின் 9553பி. 710 வாட், 11,000 சுற்று. பெட்டியில் 1,200 போட்டவனுக்கு முன்னால் 710 என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் இது கிளாம்ப் மீட்டரில் காட்டும் வாட். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் மேல் நம்பர் அடித்திருக்கிறது. நம்பர் இருந்தால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இந்த மாடலையும் போலியாக அடிக்கிறார்கள் என்று பாய் எச்சரித்தார். அதனால் பெட்டியிலும் உடலிலும் ஒரே சீரியல் நம்பர்தானா, அடுத்த பெட்டியில் வேறு நம்பர் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

பேட்டரி மெஷினையும் யோசித்தேன். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றி, இல்லாதபோது வெட்டலாம், நம் ஊருக்கென்றே செய்த மாதிரி. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 90 வாட் மணி. 500 வாட் இழுத்தால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். இரண்டு பேட்டரி இருந்தால் என் வேலை முடியும். ஆனால் அசல் பேட்டரி இரண்டின் விலை மெஷினையே விழுங்கிவிடும், போலி பேட்டரியோ போலி மெஷினை விட மோசம். மாடி வீட்டில் இருப்பவருக்கு, மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு, அது நல்ல தேர்வு. எனக்கு இல்லை.

என் மெஷினில் 'தானாக ஓடாத' தடை கிடையாது. இதை ஸயாதான் தீர்த்து வைத்தார். கொட்டகைச் சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு காண்டாக்டர் (காயிலின் காந்தம் இழுத்துச் சேர்க்கும் சுவிட்ச்), பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று. பச்சையை அமுக்கினால் காண்டாக்டர் ஒட்டிக்கொண்டு தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அமுக்கும்வரை சாக்கெட்டில் ஒன்றும் இருக்காது. டிரில், மேஜைச் சாணை எல்லாவற்றுக்கும் ஒரே காவல். செலவு ஒரு பெட்டி வட்டு விலைதான்.

அதில் எதிர்பாராத ஒரு லாபம் வந்தது. இந்த மாதிரி காண்டாக்டர் காயில் தன் வோல்ட்டில் 85 சதவீதமாவது இருந்தால்தான் ஒழுங்காக ஒட்டும். என்னுடையது 230 வோல்ட் காயில். கணக்குப்படி 195. சாயங்காலம் 165 வோல்ட்டில் பச்சையை அமுக்கினால் ஒட்டாமல் டர்ரென்று நடுங்கும். உடனே கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் காயிலே சூடாகிவிடும். முதலில் இதை ஒரு கோளாறு என்று நினைத்து ஸயாவிடம் போனேன். அவர் வெற்றிலையை ஓரம் கட்டிவிட்டு, அது கோளாறு இல்லை, உனக்கு மேஸ்திரி என்றார்.

வட்டும் மழையும் கைலியும்

மெஷினுக்கு இவ்வளவு பார்ப்பவர்கள் வட்டைக் கண்டுகொள்வதில்லை. உடைந்து பறப்பது மெஷின் இல்லை, வட்டு. பிசின் வைத்து இறுக்கிய சாமான் அது, ஈரத்தை உறிஞ்சும், நாளாக நாளாக வலு குறையும். அதனால்தான் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் அடிக்கிறார்கள். பொதுவாகச் செய்த நாளிலிருந்து 3 வருஷம். வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை கொட்டும் ஊரில், தகரக் கொட்டகை ஆணியில் மாட்டி வைத்த வட்டுக்கு அந்த 3 வருஷம் செல்லாது. நான் பிஸ்கட் டின்னில் மூடி, வீட்டுக்குள் அடுப்படிப் பக்கம் வைக்கிறேன். வளையத்தில் தேதியே இல்லாத வட்டை வாங்குவதில்லை. 1 மில்லிமீட்டர் வட்டால் பக்கவாட்டில் தேய்ப்பதில்லை. தேய்க்க 6 மில்லிமீட்டர் வட்டு தனியாக இருக்கிறது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுபவர்களைப் பார்த்தால் நான் அந்த இடத்தை விட்டே போய்விடுவேன்.

அப்புறம் கைலி. இந்த நாட்டில் ஆண் பிள்ளை என்றால் கைலிதான், பட்டறையிலும் அதுதான். முன்னால் முடிச்சு தொங்கும், குனிந்தால் அவிழும், சரியாகச் சக்கரத்தின் உயரத்தில். ஒரு தடவை என் முடிச்சின் நுனியை வட்டு இழுத்தது. துணி சுற்றி மெஷின் வயிற்றை நோக்கி ஏறுவதற்குள் சக்கரம் சிக்கி நின்றுவிட்டது. அன்றிலிருந்து கொட்டகைக் கதவில் ஒரு பழைய பேன்ட் தொங்குகிறது, கண்ணாடியும் அதோடு. பேன்ட் போட்டால்தான் பச்சை பட்டன் என்று வீட்டில் சட்டம்.

இப்போது

நோட்டின்படி 14 மாதம் ஆகிறது. வெட்டியதும் தேய்த்ததும் சேர்த்து ஏறக்குறைய 50 மணி நேரம். கார்பன் ஒரு ஜோடி மாற்றினேன், இரண்டும் 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தன. பாய் சொல்லி முன்கூட்டியே வாங்கி வைத்த ஜோடிதான். மாற்றிய கையோடு இன்னொரு ஜோடி வாங்கி வைத்தாயிற்று. வாரம் ஒருமுறை சைக்கிள் பம்பால் துளைகளில் ஊதி இரும்புத் தூளை எடுக்கிறேன். கனமான வெட்டு முடிந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுகிறேன், விசிறி தன் வேலையைச் செய்யட்டும் என்று. கியர் தலையில் லேசான இரைச்சல் கேட்க ஆரம்பித்திருக்கிறது, மழைக்கு முன்னால் திறந்து கிரீஸ் மாற்ற வேண்டும். ஜப்பான் மெஷினின் டிரான்ஸ்ஃபார்மரை விற்கவில்லை. ஸயா ஆர்மேச்சர் தேடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மச்சான் வந்தான், ஏழு மணிக்கு. சைக்கிள் கேரியருக்கு நாலு கம்பி வெட்ட வேண்டுமாம். பேன்டை மாட்டிக்கொண்டு பச்சை பட்டனை அமுக்கினான். டர்ரென்று நடுங்கியது. மீட்டரைப் பார்த்தேன், 171. அவன் என்னைப் பார்த்தான். "சரி மாமா, காலையில வர்றேன்" என்று பேன்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான்.